எண்ணெய்ப் புட்டியோடு வரும் தாள்

1

இந்தக் கதை நான் எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியம் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே வந்திருக்காது. என் தொழிலில் பொய் வாக்கியங்களால் யாருக்கும் கேடு வந்ததில்லை. அந்த ஒன்று மட்டும் உண்மையாகப் போய்விட்டது.

என் பெயர் லுக்ஷா. ஸாதர் நகரத்தில் இருக்கிறேன். விற்பனைக்கு வரும் பொருள்களுக்குச் சொற்கள் எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. வைன் புட்டியின் முதுகில் எட்டு வரி, ஆலிவ் எண்ணெய் டப்பாவில் ஐந்து வரி. ‘கடற்காற்றில் முதிர்ந்த ஆட்டுப்பால் சீஸ்’ என்று ஓர் அட்டையில் படித்திருந்தால் அது நான்தான். அந்தச் சீஸ் குளிர்பதன அறையில் முதிர்ந்தது. அதன் ஜன்னலைக்கூட யாரும் திறந்ததில்லை. அதைத் தின்றவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

பிறகு ஸ்மில்யே எண்ணெய் வந்தது.

முழங்கால் உயரச் செடி. சாம்பல் நிற இலை, குண்டூசித் தலைபோலக் கொத்துக்கொத்தாக மஞ்சள் பூ. காய்ந்தாலும் நிறம் போகாது. கற்களுக்கு நடுவே தானாக முளைத்துக் கிடக்கும். ஒரு டன் பூவை வடித்தால் ஒரு லிட்டர் எண்ணெய் வந்தால் அதிர்ஷ்டம். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதை மிதித்துக்கொண்டு கடலுக்குப் போவோம். வெளிநாட்டில் வாசனைத் திரவியம் செய்கிறவர்களும், முகத்தில் சுருக்கம் விழாமல் இருக்க விரும்புகிறவர்களும் திடீரென்று அதைக் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று கோடைகாலத்துக்குள் எங்கள் கரையில் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது.

எனக்கும் வேலை வந்தது. அங்கிருந்துதான்—

இல்லை, இப்படித் தொடங்கக் கூடாது. என்னிலிருந்து தொடங்கினால் நான்தான் நாயகன் என்று நினைத்துவிடுவீர்கள்.

2

கைவிட்ட தொடக்கங்கள் மூன்று. மறைக்க வேண்டாம் என்று இங்கேயே வைக்கிறேன்.

‘ஜூன் மாதத்தில், கடலைப் பார்த்த அந்தச் சரிவு முழுவதும் மஞ்சள் தீயாகப்—’ நிறுத்திவிட்டேன். மஞ்சள் தீ என்பது நான் ஏற்கெனவே ஒரு கடுகு நிறுவனத்துக்கு விற்ற சொல்.

‘பெப்போவின் இடுப்பெலும்பு முறிந்த ஓசை மேட்டு ஊர்வரை—’ நான் அப்போது அங்கே இல்லை. எலும்பு முறிகிற ஓசை எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியாது.

‘பெரினாவின் மூக்கைப் போன்ற மூக்கு இந்தக் கடலோரத்திலேயே—’ இது உண்மைதான். ஆனால் எழுதிய கை அட்டைப்பெட்டிக்கு எழுதிய அதே கை என்பது நான்கு சொற்களுக்குள் தெரிந்துவிடுகிறது.

[இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு. வாசனைகள் பாதிதான் தெரியும். ‘தேன், வெயிலில் காய்ந்த வைக்கோல், கொஞ்சம் வெந்தயம்’ என்று ஸ்மில்யேவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் பெரினா சொன்னது. நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.]

ஆகவே, யார் யார் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன்.

3

பெரினாவும் நானும் ஒரே வகுப்பு. நாங்கள் பிறந்த தீவில் எட்டாம் வகுப்புவரைதான் பள்ளி. அதற்குப் பிறகு நான் நகரத்துக்குப் போனேன். அவள் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள். அது மூடப்பட்டபோது அவளுக்கு நாற்பத்துமூன்று வயது.

பெப்போ அவள் கணவன். நகரத்திலிருந்து தீவுக்கு வண்டிகளை ஏற்றிவரும் கப்பலில் வேலை. வண்டிகளை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் கைச்சைகைதான். லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற இடைவெளிதான் விடுவான். கண்ணாடி உரசியதாக ஒருவரும் புகார் சொன்னதில்லை. அவனுக்கு அதில் பெருமை உண்டு. பெருமை என்றால் அவனுக்கு இரண்டுதான். இன்னொன்று பெரினா.

தொழிற்சாலை மூடிய வருடம் அவள் எங்கேயோ கிடந்த ஒரு செம்புக் கொதிகலனை வாங்கி முற்றத்தில் நிறுத்தினாள். முதலில் லாவெண்டர் வடித்தாள், பிறகு ஸ்மில்யே. அப்போது அதைக் கேட்பாரில்லை. அவள் தாய்வழியில் ஒரு கற்சரிவு வந்திருந்தது. விவசாயத்துக்கு லாயக்கில்லாதது, விற்றாலும் யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு சின்னக் குடாவுக்கு மேலே, பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத மடிப்பில் இருந்தது. அங்கே ஸ்மில்யே மண்டிக் கிடந்தது.

வடித்த எண்ணெயில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுக் கொடுத்தால், காலையில் அறுத்த பூவா உச்சி வெயிலில் அறுத்ததா என்று சொல்வாள். கடலைப் பார்த்த பக்கமா மறுபக்கமா என்பதையும் சொல்வாள். பெப்போ அவளைச் சோதிக்க முயன்று பலமுறை தோற்றிருக்கிறான்.

இதுவரை சரி. இனிமேல் நான் உள்ளே வருகிறேன்.

4

அவளிடம் எண்ணெய் வாங்கிய நிறுவனத்தின் மேலாளர் ரெனாட்டோ. அவர் எப்போதும் வெள்ளைத் துணிக் காலணி போட்டிருப்பார். புட்டியோடு பெட்டிக்குள் ஒரு மடிப்புத் தாள் வேண்டும், அதில் ஒரு முகமும் ஓர் இடமும் வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். இரண்டாயிரத்துப் பதினான்கு, ஜூன்.

பெரினா கொதிகலனிலிருந்து வெந்த பூவை நீண்ட கவைக்கோலால் அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“யாரு, லுக்ஷாவா? சார், இவனை நம்பியா எழுதச் சொல்லியிருக்கீங்க? ஏழாவதுல என் கட்டுரையைப் பார்த்து எழுதி, கடைசியில என் பேரையும் சேர்த்து எழுதிக் குடுத்தவன் இவன்.”

ரெனாட்டோ சிரித்தார். “அப்ப உங்க கதையை எழுத இவர்தான் மேடம் சரியான ஆள்.”

“கதை என்ன கதை. பூ அறுக்கிறோம், ஆவியில வேக வைக்கிறோம், எண்ணெய் மேல மிதக்குது. எடுத்துக்கிறோம்.”

“எத்தனை வருஷமா செய்யறீங்க?”

“அஞ்சு.”

ரெனாட்டோவின் முகம் சுருங்கியது. “உங்க அம்மா?”

“அம்மா இதை மெத்தைக்கு அடியில போடுவாங்க. பூச்சி வராம இருக்க.”

“அதை விட்டுரலாம்” என்று ரெனாட்டோ என் காதருகே சொன்னார்.

மதியம் உப்பிட்ட மத்தியும் கீரையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். பெப்போ வேலை முடிந்து வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“லுக்ஷா, என்னைப் பத்தியும் ஒரு வரி போடு. ‘இவளுக்கு மூக்கே இல்லாத ஒரு புருஷன், கப்பல்ல கைகாட்டுற வேலை’ன்னு.”

“உன்னைப் பத்தி எழுதினா யாருடா எண்ணெய் வாங்குவா?” என்றாள் பெரினா.

பிறகு அவள் என்னைச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். ரெனாட்டோ காலணியைப் பார்த்துக்கொண்டு பாதையிலேயே நின்றுவிட்டார். அரிவாளை எப்படிப் பிடிக்க வேண்டும், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு எப்படி அறுக்க வேண்டும் என்று காட்டினாள். மூன்று செடிக்கு ஒன்றைத் தொடாமல் விட்டுவிடுவாளாம். கீழே குடாவில் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அதன் பெயரைக் கேட்டேன். நான் தீவின் மறுபக்கத்து ஊர்க்காரன், தெரியாது. வரைபடத்திலும் கிடையாது. அவள் சொன்னாள். அழகான பெயர். சொல்லும்போது வாய் திறந்து மூடி மறுபடி திறக்கும்.

நான் குறித்துக்கொண்டேன். இருவரும் மேலே ஏறி வந்தோம்.

5

தாளில் நான் எழுதியது இதுதான்.

‘முந்நூறு ஆண்டுகளாகப் பெரினாவின் குடும்பத்துப் பெண்கள் விடியலுக்கு முன் எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், இந்த அழியாப் பூவைக் கையால் பறிக்கிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த இரகசியம் இது. இந்தப் புட்டியில் இருப்பது [ ] குடாவுக்கு மேலே, கடலைப் பார்த்த தெற்குச் சரிவில், மனிதக் கால் அதிகம் படாத கற்களுக்கு நடுவே மண்டிக் கிடக்கும் ஸ்மில்யே. மூடியைத் திறங்கள். அவள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறாள்.’

முந்நூறு ஆண்டு பொய். பேசாமல் பறிப்பது பெரிய பொய். பெரினா அறுக்கும்போது பக்கத்துத் தீவுக்குக் கேட்கும்படி பேசுவாள். இரகசியம் பொய், மகள் பொய், அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்றாவது வாக்கியம் மட்டும் உண்மை.

குடாவின் பெயரை இந்தக் கதையில் நான் எழுதப்போவதில்லை. இப்போது அதனால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தும்.

அன்றைக்கு ஏன் எழுதினேன்? ஓசைக்காக. ‘ஒரு குடாவுக்கு மேலே’ என்று போட்டுப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. பெயரைப் போட்டதும் நடந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு வாரமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

ரெனாட்டோ படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளில் பெரினாவின் புகைப்படமும் வந்தது. பெப்போ பத்துத் தாள் வாங்கி, ஒன்றைக் கப்பலின் சீட்டறைக் கண்ணாடியில் ஒட்டினான்.

6

அடுத்த ஜூன், ஒரு வியாழக்கிழமை, காலைக் கப்பலில் மூன்று வேன்கள் வந்தன.

பெப்போதான் அவற்றை ஏற்றினான், அவன்தான் இறக்கினான். முதல் வேனின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, அந்த மடிப்புத் தாளை நீட்டிக் குடாவின் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்டான். பின்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெப்போவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியைப் படித்துவிட்டு இடத்தைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தான். தேவாலயம் தாண்டி இடதுபக்கம், தண்ணீர்த் தொட்டியருகே வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டுப் பாதையில் இறங்க வேண்டும் என்று கையை நீட்டி விளக்கினான். “அந்தப் படத்துல இருக்கிறது என் பொண்டாட்டிதான்” என்றும் சொன்னான்.

மதியத்துக்குள் பாதிச் சரிவு முடிந்துவிட்டது. அவர்கள் அறுக்கவில்லை. பிடுங்கினார்கள். பிடுங்குவது வேகம், எடையும் கூடும்.

தகவல் வந்து பெரினா ஓடினாள். பெண்களும் ஆண்களுமாக இருபதுக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் சாக்குகளில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தினாள். ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தாள். மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவள் வயதுக்காரி. உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தாள், துணியில் இரத்தம்.

“விடுடி! இது எங்க அம்மா வழி நிலம்!”

“அக்கா, உனக்குக் கல்லாவது இருக்கு” என்றாள் அவள். “நான் சாயந்தரம் சாக்கை எடை போட்டாத்தான் சாப்பாடு. நீ விடு.”

பெரினா விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டிருக்கிறாளாம்.

பெப்போவுக்குத் துறைமுகத்தில் செய்தி எட்டியது. மோட்டார் சைக்கிளில் வந்து, ஆட்டுப் பாதையில் இறங்கி, மேலிருந்து குறுக்கே சரிவில் ஓடினான். வழக்கமாக அவன் கால் வைக்கிற இடங்களில் செடி இல்லை. வேர் பிடித்திருந்த கற்கள் எல்லாம் தளர்ந்து கிடந்தன. பழைய கல்வரப்பு ஒன்று அவனோடு சேர்ந்து சரிந்தது. யாரும் அவனைத் தள்ளவில்லை. உருண்டவனைத் தூக்கிப் பாதைவரை கொண்டுவந்தவர்கள்கூட அந்த வேன்காரர்கள்தான். துணி சுற்றிய கைக்காரி தன் தண்ணீர்ப் புட்டியை அவன் வாயில் வைத்தாளாம்.

இடுப்பு இரண்டு இடத்தில் முறிந்தது. காவலர்கள் வந்து எழுதிக்கொண்டார்கள். வேன்காரர்களிடம் பூ அறுக்க ஏதோ ஓர் அனுமதிச் சீட்டு இருந்தது, வேறு ஊருக்கானது. சாக்குகள் மாலைக் கப்பலில் ஏறிப் போய்விட்டன.

[அந்தச் சாக்குகளை யார் வாங்கினார்கள்? அந்த மாதம் ரெனாட்டோவின் ஆலையில் மூன்று ஷிப்ட் ஓடியது. இதை எழுதலாமா? ஆதாரம் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். அடைப்புக்குறி இந்த மாதிரிக் கோழைத்தனங்களுக்கு வசதியானது.]

7

நான்காம் பகுதியில் ஒரு பேச்சை விட்டுவிட்டேன். மறதி இல்லை. ஏழு முறை அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன், ஏழு முறையும் விட்டேன்.

‘நான் குறித்துக்கொண்டேன். இருவரும் மேலே ஏறி வந்தோம்’ என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே பெரினா என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள்.

“லுக்ஷா, அந்தப் பேரைப் போட்டுடாதடா. பக்கத்துத் தீவுல என்ன நடந்ததுன்னு கேள்விப்பட்டேல்ல? ஒரு செடி விடலையாம்.”

“சரி” என்றேன்.

அதுதான் முழுப் பேச்சு. இப்போது திரும்பிப் போய் நான்காம் பகுதியைப் படித்தால் என்னைப் பற்றி நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள். நினையுங்கள்.

விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போனேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “வந்தியா” என்றாள். “அவனுக்குத் தூக்க மருந்து குடுத்திருக்காங்க” என்றாள். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பதில் எழுதவும் வரும்.

8

இரண்டு வருடம் கழித்து, வசந்தத்தில், ஸாதரில் ஒரு வாசனைப் பொருள் கண்காட்சி நடந்தது. ரெனாட்டோவின் நிறுவனத்துக்கு அதில் ஒரு கடை. அங்கே பெரினா நின்றாள். பெப்போ கம்பு ஊன்றித்தான் நடந்தான், கப்பல் வேலை போய்விட்டது. தாளில் இருக்கும் முகத்தை நேரில் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று ரெனாட்டோவுக்குத் தோன்றியிருக்கிறது. நாள் கூலி. தீவுப் பெண்களின் பழைய திருவிழா உடையைப் போடச் சொன்னாராம். “அது என் சவப்பெட்டிக்கு வெச்சிருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு, தன் கறுப்புக் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தாள்.

நான் மொழிபெயர்ப்பாளன். வெளிநாட்டுக்காரர்கள் கேட்பதை அவளிடம் சொல்ல வேண்டும், அவள் சொல்வதை அவர்களிடம்.

பிற்பகலில் ஒரு பெண் வந்தார். வாசனைத் திரவியங்களைத் தானே உருவாக்குகிறவர். நரைத்த குட்டை முடி, விரலில் மோதிரம்கூட இல்லை. எங்கள் தாளை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். ஒரு காகிதக் கீற்றில் எண்ணெயைத் தொட்டுப் பெரினாவிடம் நீட்டி, இது உங்கள் சரிவின் பூதானா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ரெனாட்டோ பக்கத்தில் நின்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

பெரினா முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நீண்ட நேரம். இரண்டாம் முறையும் முகர்ந்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

“முந்நூறு வருஷமா எங்க குடும்பத்துப் பொம்பளைங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஒரு வார்த்தை பேசாம...”

வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கிற குரல். கடைசிவரை, ஒரு சொல் பிசகாமல். நான் எழுதியதை நானே மொழிபெயர்த்தேன். ‘அவள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறாள்’ என்று முடித்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. பெரினாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு வெளியே, சிகரெட் பிடிக்கிறவர்கள் நிற்கிற இடத்தில் கேட்டேன். “என்ன வாசம் வந்தது?”

“வயல் பூ. தண்ணி விட்டு வளர்த்தது. உப்பே இல்ல. மழையில நனைஞ்சதை அறுத்திருக்காங்க. கூட எதையோ கலந்திருக்காங்க, அது என்னன்னு எனக்குப் பிடிபடல.”

“அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே.”

“எதைச் சொல்லச் சொல்ற? அங்க இப்ப கல்லுதான் இருக்குன்னா?” என்னைப் பார்த்தாள். “நீ எழுதினதைத்தான் சொன்னேன் லுக்ஷா. நல்லா எழுதியிருக்கே. சொல்றப்ப எனக்கே நம்பணும்போல இருந்துச்சு.”

பிறகு வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னாள். “பெப்போ ரெண்டு வருஷமா என்கூடப் பேசறதில்ல. உப்பு குடு, ஜன்னலைச் சாத்து, அவ்வளவுதான். நான் இந்தக் கம்பெனி ஆளுங்ககிட்ட போட்டோவுக்கு நின்னேன்ல, அந்தக் கோபம்.”

கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். தூக்க மருந்து தெளிந்த பிறகு ஆஸ்பத்திரியில் பெப்போ என்னிடம் அழுதிருந்தான். வழி காட்டியது தான்தான் என்று அவன் அவளிடம் சொல்லவே இல்லை. கப்பலில் நடந்ததெல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். ‘உன் மேல தப்பில்ல’ என்று அன்றைக்கு நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன். யார்மேல் தப்பு என்பதைச் சொல்லவில்லை.

9

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தீவுக்குப் போனேன். பெப்போ முற்றத்தில் உட்கார்ந்து மீன்கூடை பின்னிக்கொண்டிருந்தான். கொதிகலன் பச்சைக் களிம்பு பூத்துப்போய் நின்றது. பெரினா சமையலறையில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் குரலைத் தாழ்த்தாமல் பேசினேன். அதை என் தைரியம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“பெப்போ, அந்தப் பேரை எழுத வேண்டாம்னு பெரினா என்கிட்ட சொன்னா. நான்தான் எழுதினேன்.”

அவன் கை நிற்கவில்லை. ஒரு சுற்று பின்னி முடித்தான்.

“எப்பச் சொன்னா?”

“அன்னைக்கே. சரிவுல.”

“இத்தனை நாள் எங்கடா போயிருந்தே?”

அவன் அடுத்த நாரை எடுத்தான்.

“இப்ப எதுக்கு வந்திருக்கே? என்னடா, எழுதறியா?”

“ஆமா.”

“நான் வரேனா அதுல?”

“வரே.”

அவன் கூடையைக் கீழே வைத்தான். “அப்ப நல்லாக் கேட்டுக்க. அவன் கண்ணாடியை இறக்கிக் கேட்டான், நான் கையைக் காட்டினேன். தண்ணித் தொட்டிகிட்ட நிறுத்துன்னு நான்தான் சொன்னேன். அது இல்லாட்டி அவனுங்க சாயந்தரம்வரைக்கும் சுத்திட்டுத் திரும்பிப் போயிருப்பானுங்க. உன் தாளை வெச்சுக்கிட்டு ஒரு மயிரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. புரியுதா?”

“ஆனா நான் எழுதலைன்னா அவங்க—”

“நிறுத்து. நீ வந்து ‘எல்லாம் நான்தான்’னு சொல்லிட்டா நான் லேசாயிடுவேன்னு நினைச்சியா? அவ கட்டுரையை எடுத்துக்கிட்டே. அவ மூக்கை எடுத்து எழுதினே. அவ அம்மாவை, இல்லாத பொண்ணைக்கூட எழுதினே. இதையும் உன் பேர்ல எழுதிக்கணுமா? இது என்னுது. நான் செஞ்சது. இதைத் தொடாதே.”

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. பெரினா வாசற்படியில் நின்றாள். கை ஈரமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பெப்போவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“லுக்ஷா, நீ கிளம்பு.”

10

முடிவுகள்.

ஒன்று: அவள் போய் அவன் தோளில் கைவைக்கிறாள், இருவரும் அழுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். அச்சகத்துக்கு அனுப்பும் அளவுக்கு நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன்.

இரண்டு: பெப்போ அந்தக் கோடையிலேயே இறந்துபோகிறான். கதைக்கு வசதி. ஆனால் பெப்போ உயிரோடு இருக்கிறான், இதைப் படிக்கவும் கூடும்.

மூன்று: சரிவில் மறுபடி ஸ்மில்யே முளைக்கிறது. இது நடந்தது. பிடுங்கியபோது உதிர்ந்த விதைகள். விரல் நீளத்தில், கற்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து சாம்பல் நிறக் குருத்துகளை நானே பார்த்தேன். இதை வைத்துக் கதையை முடித்தால் நீங்கள் பெருமூச்சுவிட்டு மூடிவைப்பீர்கள். ரெனாட்டோவுக்கும் பிடிக்கும். அதனால்தான் அதைக் கடைசியில் வைக்காமல் இந்தப் பட்டியலுக்கு நடுவே புதைத்திருக்கிறேன்.

தாள் இப்போதும் பெட்டிக்குள் வருகிறது. ஏழு மொழிகளில். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். ‘உங்களுக்குத்தான் அதற்கான தொகையைக் கொடுத்தாயிற்றே’ என்றார் ரெனாட்டோ. சரிதான்.

நடந்தவற்றில் எனக்குத் தெரிந்த கடைசித் துண்டு இது. நான் முற்றத்தைவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். இருபதடி போயிருப்பேன். பின்னால் பெரினாவின் குரல் கேட்டது. ஒரு நீண்ட வாக்கியம். பிறகு பெப்போவின் குரல், அதைவிட நீளமாக. அவள் குறுக்கிட்டாள். அவன் உரக்கச் சொன்னான். ஏதோ கீழே விழுந்தது, பாத்திரமாகவும் இருக்கலாம், கம்பாகவும் இருக்கலாம். குரல்கள் நிற்கவில்லை.

சுவருக்குப் பின்னால் ஓர் அத்திமரம் உண்டு. அதன் அடியில் நின்றால் ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். சட்டைப் பையில் குறிப்பேடு இருந்தது. என் கால் அந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துக்கு நடந்தேன்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் தயவுசெய்து எழுதி அனுப்பாதீர்கள்.